அட்டவணையை மூடிவிட்டுக் குச்சியை எடுங்கள்

மற்ற பெற்றோருக்கும் உதவும் என்பதால் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சென்னையில் இருக்கும் ஒரு தாய். மகள் இங்கிலீஷ் மீடியத்தில் நான்காம் வகுப்பு. வரும் வெள்ளிக்கிழமை இடமதிப்பில் கணக்குத் தேர்வு. ஆயிரம், நூறு, பத்து, ஒன்று என்று கட்டம் போட்டுக் கொடுத்தால் தப்பில்லாமல் நிரப்புகிறாளாம். "மூவாயிரத்து நாற்பத்தைந்து எழுது" என்று வாயால் சொன்னால் மட்டும் 300045 என்று எழுதுகிறாளாம். எத்தனை தடவை திருத்தினாலும் அதே தப்பு. கவனக் குறைவா, டியூஷன் வைக்க வேண்டுமா, இருக்கிற ஆறு நாளில் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார்.

இது கவனக் குறைவு இல்லை. உங்கள் மகள் நன்றாகவே கவனித்திருக்கிறாள். காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறாள். மூவாயிரம் என்றால் 3000, அப்புறம் நாற்பத்தைந்து என்றால் 45. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 300045 தானே வரும்? சென்னையில் இருபது வருடத்துக்கு மேல் தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். இப்போதும் மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறார்கள். இந்தத் தப்பைச் செய்யாத வகுப்பை நான் பார்த்ததே இல்லை.

நம் பழைய தமிழ் எண்களை நினைத்துப் பாருங்கள். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறி உண்டு. 3045ஐ அந்த முறையில் ௩௲௪௰௫ என்று எழுதுவார்கள். மூன்று ஆயிரம், நான்கு பத்து, ஐந்து. நூறு இல்லாததால் அதைத் தொடாமலே தாண்டிப் போய்விடலாம், பூஜ்யம் தேவையே இல்லை. பேசுகிற வரிசையிலேயே எழுதும் முறை அது. உங்கள் மகளின் மனமும் அந்த வழியில்தான் போகிறது. இப்போது நாம் எழுதும் முறையில் ஆயிரத்துக்கும் நூறுக்கும் தனிக் குறி கிடையாது. உட்கார்ந்திருக்கும் இடம்தான் மதிப்பைச் சொல்ல வேண்டும். அதனால் நூறில் ஆள் இல்லையென்றாலும் அந்த நாற்காலியை எடுத்துவிட முடியாது. எடுத்தால் இடப்பக்கம் இருக்கிறவர்கள் எல்லாரும் ஓரிடம் தள்ளி வந்து 345 ஆகிவிடும்.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் தேர்வில் வரும் கேள்விகளில் முக்கால்வாசி தானாக வந்துவிடும். பிடிபடாமல் ஐம்பது பயிற்சித்தாள் போட்டாலும் கட்டம் நிரப்பும் பழக்கம்தான் வளரும். கட்டம் ஏமாற்றக்கூடியது. 3, 0, 4, 5 என்று நாலு இலக்கத்தை நாலு பெட்டியில் போட எண்ணைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கத் தேவையில்லை.

இன்றைக்கே ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பதினாறு புளியங்கொட்டையை எண்ணி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு தாளில் 16 என்று எழுதச் சொல்லுங்கள். 6ஐச் சுற்றி வட்டம் போட்டு, "இது எத்தனை கொட்டை, எடுத்துக் காட்டு" என்றால் ஆறு எடுத்து வைப்பாள். அப்புறம் 1ஐச் சுற்றி வட்டம் போட்டு அதே கேள்வியைக் கேளுங்கள். நிறையப் பிள்ளைகள் ஒரே ஒரு கொட்டையை எடுத்து வைப்பார்கள். மீதி ஒன்பது கொட்டை நடுவில் கிடக்கும், அது எந்த எண்ணைச் சேர்ந்தது என்று கேட்டால் முழிப்பார்கள். கான்ஸ்டன்ஸ் காமி என்ற கணிதக் கல்வி ஆராய்ச்சியாளர் இதைக் குழந்தைகளிடம் செய்து பார்த்து எழுதியிருக்கிறார். நானும் எத்தனையோ பிள்ளைகளிடம் செய்திருக்கிறேன். நாலு இலக்கக் கூட்டலை மளமளவென்று போடும் பிள்ளைகூட இங்கே ஒரு கொட்டையைத் தூக்கி வைப்பதுண்டு. உங்கள் மகள் பத்துக் கொட்டையைக் காட்டினால் சந்தோஷம், அடுத்துச் சொல்லப்போகும் குச்சி வேலையை ஒரு நாளில் முடித்துக்கொள்ளலாம். ஒரு கொட்டையைக் காட்டினால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் குச்சிக்குத்தான்.

தென்னந்துடைப்பத்தில் நாற்பது ஈர்க்குச்சி உருவி, விரல் நீளத்துக்கு ஒடித்தால் முந்நூறு துண்டுக்கு மேல் கிடைக்கும். ஒரு பாக்கெட் ரப்பர் பேண்ட் வாங்கிக்கொள்ளுங்கள். பத்துக் குச்சி சேர்ந்தால் ஒரு சின்னக் கட்டு, பத்துச் சின்னக் கட்டு சேர்ந்தால் ஒரு பெரிய கட்டு. கட்டுவது அவளாகவே இருக்க வேண்டும். நேரம் ஆகிறதே என்று நீங்கள் கட்டிக் கொடுத்துவிட்டால் பாதிப் பலன் போய்விடும். ஒவ்வொரு தடவையும் பத்து எண்ணி ரப்பர் பேண்டை மாட்டும்போதுதான் "பத்து ஒன்றுகள் சேர்ந்து ஒரு பத்து ஆகிறது" என்பது கை வழியாக உள்ளே போகும். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் நம் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய வகுப்பில் இதற்குப் பொன்நிற மணிகள் உண்டு: ஒற்றை மணி, பத்து மணி கோத்த கம்பி, நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கனசதுரம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோதும் பிள்ளைகள் கையில் எடுத்துச் செய்வதற்கான பொருள்கள் வகுப்புக்கு வந்தன. வீட்டில் அதெல்லாம் வேண்டாம், ஈர்க்குச்சி போதும். சொல்லப்போனால் குச்சியில் ஒரு வசதி கூடுதல். கட்டை அவிழ்க்கலாம்.

கட்டி முடித்ததும் எண்ணைச் சொல்லுங்கள், அவள் எடுத்து வைத்துவிட்டு எழுதட்டும். அப்புறம் நீங்கள் எடுத்து வைத்து அவளை எழுதச் சொல்லுங்கள். பூஜ்யம் வரும் எண்களையே அதிகம் கொடுங்கள்: 204, 240, 300, 105.

ஒரு பையனுக்கு இது எப்படிப் பிடிபட்டது என்று சொல்கிறேன். மூன்று பெரிய கட்டும் நாலு உதிரிக் குச்சியும் வைத்துவிட்டு எழுதச் சொன்னேன். 34 என்று எழுதினான். தப்பு என்று நான் சொல்லவில்லை. "சரி, முப்பத்திநாலு எடுத்துக் காட்டு" என்றேன். மூன்று சின்னக் கட்டும் நாலு குச்சியும் எடுத்துப் பக்கத்தில் வைத்தான். இரண்டு குவியலையும் மாறி மாறிப் பார்த்தான். ரொம்ப நேரம். அப்புறம் 34ஐ அழித்துவிட்டு 3 எழுதி, கொஞ்சம் இடம் விட்டு, 4 எழுதினான். "இடைவெளி விட்டா போதுமா மிஸ்?" என்றான். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் காட்டிப் படிக்கச் சொன்னேன். அவள் "மூணு, நாலு" என்று படித்தாள். பையன் சிலேட்டை வெடுக்கென்று பிடுங்கி, நடுவில் தானே ஒரு பூஜ்யம் போட்டான். அந்தப் பூஜ்யத்தை நான் சொல்லிக்கொடுத்திருந்தால் மறுநாளே மறந்திருப்பான்.

தப்பு செய்தால் என்ன சொல்வது என்று பெற்றோர் பலர் கேட்பார்கள். "எடுத்துக் காட்டு" என்பதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டாம். குச்சி பொய் சொல்லாது, அவளே கண்டுபிடிப்பாள். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். அதற்கு மேல் இழுத்தால் உங்களுக்கும் குரல் உயரும், அவளுக்கும் கண் கலங்கும்.

ஆயிரத்துக்குக் குச்சி கட்டிக்கொண்டிருக்க முடியாது. திங்கட்கிழமை பணத்துக்கு மாறுங்கள். பழைய நோட்டுத் தாளைக் கிழித்து 1, 10, 100, 1000 என்று நாலு வகை விளையாட்டு ரூபாய் நோட்டு செய்துகொள்ளுங்கள். 5, 20, 50, 500 வேண்டவே வேண்டாம். கடையில் அவை உதவும், இங்கே பத்துப் பத்தாக ஏறும் வரிசையைக் குழப்பிவிடும். விளையாட்டுக்கு ஒரே விதி: எந்த நோட்டும் கையில் ஒன்பதுக்கு மேல் இருக்கக் கூடாது. பத்து சேர்ந்த உடனே பேங்க்கில், அதாவது உங்களிடம், கொடுத்து அடுத்த பெரிய நோட்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். கையில் 999 இருக்கும்போது ஒரு ரூபாய் கொடுங்கள். ஒன்று பத்தாகும், மாற்றினால் பத்து ரூபாய் நோட்டு பத்தாகும், அதையும் மாற்றினால் நூறு ரூபாய் நோட்டு பத்தாகும், கடைசியில் கையில் ஒற்றை ஆயிரம் நோட்டு மட்டும் நிற்கும். 3999க்கு அடுத்த எண் என்ன என்று தேர்வில் கேட்டால் பிள்ளைகள் 31000 என்றும் 3910 என்றும் எழுதுவது இந்தத் தொடர் மாற்றத்தைக் கையால் செய்து பார்க்காததால்தான்.

இதே நோட்டை வைத்து இன்னொரு கேள்வியையும் தெளிவாக்கிவிடுங்கள். 340இல் பத்துகள் இடத்தில் உள்ள இலக்கம் எது என்றால் 4. 340இல் மொத்தம் எத்தனை பத்துகள் என்றால் 34. இரண்டும் வேறு வேறு கேள்வி, கேள்வித்தாளில் பார்க்க ஒன்றுபோல இருக்கும். "340 ரூபாயை முழுக்கப் பத்து ரூபாய் நோட்டாகவே கொடுத்தால் எத்தனை நோட்டு?" என்று கேட்டு, எண்ணிப் பார்க்கவும் விடுங்கள். ஒரு நூறு ரூபாய்க்குள் பத்து ரூபாய் நோட்டு பத்து ஒளிந்திருக்கிறது என்பதை அவளே கண்டுபிடித்துச் சொல்வாள்.

செவ்வாய்க்கிழமை 300045க்கான மருந்து. பழைய கல்யாணப் பத்திரிகைகள் வீட்டில் கிடக்குமே, அந்த அட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றுகளுக்கு ஒரு இலக்க அகலத்தில் 1 முதல் 9 வரை. பத்துகளுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு நீளத்தில் 10, 20 என்று 90 வரை. நூறுகளுக்கு மூன்று மடங்கு, ஆயிரங்களுக்கு நாலு மடங்கு. எல்லா இலக்கமும் ஒரே அகலத்தில் இருப்பது முக்கியம், இல்லையென்றால் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. இப்போது "மூவாயிரத்து நாற்பத்தைந்து" என்று சொல்லுங்கள். அவள் 3000, 40, 5 என்று மூன்று அட்டையை எடுப்பாள். பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல், வலப்பக்க ஓரம் ஒன்றாக இருக்கும்படி 3000த்தின் மேல் 40ஐயும், 40இன் மேல் 5ஐயும் அடுக்கச் சொல்லுங்கள். மேலிருந்து பார்த்தால் 3045. நூறுகள் இடத்தில் தெரியும் பூஜ்யம் எங்கிருந்து வந்தது? அடியில் இருக்கும் 3000த்தின் பூஜ்யம், மூட ஆள் இல்லாததால் எட்டிப் பார்க்கிறது. இதைப் பார்த்ததும் பிள்ளைகள் முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே ஒவ்வொரு வருடமும் இந்த அட்டைகளைப் புதிதாக வெட்டியிருக்கிறேன். அட்டைகளைப் பிரித்து வைத்தால் 3000 + 40 + 5. அதுதான் விரிவாக்க வடிவம், தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கிலீஷ் மீடியம் என்றீர்கள். எண்ணின் பெயர்களில் இரண்டு மொழியிலும் ஒவ்வொரு குழி இருக்கிறது. இங்கிலீஷில் செவன்டீன் என்னும்போது ஏழு முதலில் காதில் விழுகிறது, அதனால் 71 என்று எழுதும் பிள்ளை உண்டு. செவன்டீனும் செவன்டியும் குழம்புவது வேறு. தமிழில் அந்தத் தொல்லை இல்லை, பதினேழு என்றால் பத்துதான் முன்னால் நிற்கிறது. ஆனால் நம் குழி ஒன்பதில் இருக்கிறது. தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறு இருக்கிறது, எண்ணிலோ நூறு இல்லை. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் இருக்கிறது, எண் ஆயிரத்தைத் தொடவில்லை. தொள்ளாயிரத்து ஐந்து என்றதும் ஆயிரம் இடத்தைத் திறந்து 9005 என்று எழுதிவிட்டு, ஏன் தப்பு என்று புரியாமல் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் தமிழில் சொல்லிக்கொடுத்து, தேர்வை இங்கிலீஷில் எழுதப் போகிறவளுக்கு இந்த இரண்டையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். "இந்த வார்த்தை கொஞ்சம் ஏமாத்தும், ஜாக்கிரதை" என்றாலே போதும்.

புதன்கிழமைக்கு நம் ஊர் ஏரிகள். மழைக்காலத்தில் தினமும் பேப்பரில் வரும் கணக்குதான். மில்லியன் கன அடியில் செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3645, புழல் 3300, பூண்டி 3231, சோழவரம் 1081, கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500. இடமதிப்புப் பாடத்துக்கென்றே யாரோ தேர்ந்தெடுத்த மாதிரியான எண்கள். இவற்றை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். எந்த ஏரி பெரியது என்று கேளுங்கள். புழலையும் பூண்டியையும் ஒப்பிடும்போது ஆயிரம் இடத்தில் இரண்டுக்கும் 3, அதனால் நூறுகள் இடத்துக்கு வர வேண்டும், அங்கே 3 பெரிதா 2 பெரிதா என்று பார்க்க வேண்டும். ஒப்பிடும்போது இடப்பக்கத்திலிருந்துதான் வர வேண்டும் என்பது அங்கேயே புரிந்துவிடும். ஏறுவரிசை, இறங்குவரிசை இரண்டையும் ஏரிகளை வைத்தே எழுதட்டும். பூண்டியின் 3231இல் இரண்டு 3 இருக்கிறது. ஒன்றின் இடமதிப்பு 3000, இன்னொன்றின் இடமதிப்பு 30. முகமதிப்பு, அதாவது எங்கே நின்றாலும் மாறாத அந்த இலக்கத்தின் சொந்த மதிப்பு, இரண்டுக்கும் 3தான். சோழவரத்தின் பூஜ்யத்துக்கு இடமதிப்பும் 0, முகமதிப்பும் 0. இந்த ஒரு தாளிலேயே ஏறக்குறைய முழுப் பாடமும் வந்துவிடுகிறது. செம்பரம்பாக்கத்தில் இன்றைக்கு எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பேப்பரைப் பார்த்து அவளே படித்துச் சொன்னால் இன்னும் நல்லது.

வேன் போகும் வழியில் முன்னால் நிற்கும் வண்டிகளின் நம்பர் பிளேட்டையும் படிக்கச் சொல்லலாம். கடைசி நாலு இலக்கம் போதும். 4070 என்றால் வாயால் சொல்ல வேண்டும், எழுத வேண்டாம்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லட்சம் வந்ததும் பின்கோடை எடுத்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூர் 600004, தியாகராய நகர் 600017. கமா போட்டு 6,00,004 என்று எழுதி, ஆறு லட்சத்து நான்கு என்று படிக்கவைத்தால் நடுவில் நாலு பூஜ்யம் வரிசையாக ஏன் நிற்கிறது என்பது விளங்கும். பின்கோடு என்பது உண்மையில் எண்ணிக்கை இல்லை, முகவரிக்கான அடையாளம் என்பதையும் சொல்லிவிடுங்கள். வலப்பக்கத்திலிருந்து முதலில் மூன்று இலக்கம், அப்புறம் இரண்டு இரண்டாகக் கமா என்பது நம் முறை. சில பள்ளிகளில் மில்லியன் முறையும் உண்டு, அதில் எல்லாமே மூன்று மூன்று.

வியாழக்கிழமை புதிதாக எதுவும் வேண்டாம். பள்ளிக் கேள்வித்தாளின் வார்த்தைகளை மட்டும் ஒரு பார்வை பார்க்கட்டும்: ப்ளேஸ் வேல்யூ (இடமதிப்பு), ஃபேஸ் வேல்யூ (முகமதிப்பு), எக்ஸ்பாண்டட் ஃபார்ம் (3000 + 40 + 5), ஸ்டாண்டர்ட் ஃபார்ம் (3045), சக்ஸஸர் (அடுத்த எண்), ப்ரெடிசஸர் (முந்தைய எண்). விஷயம் தெரிந்தும் வார்த்தை தெரியாமல் மார்க் போவது வருத்தமான காரியம். இன்னும் ஒரே ஒரு கணக்கு. 4, 0, 7, 2 இலக்கங்களை வைத்து மிகச் சிறிய நாலு இலக்க எண் எழுது என்றால் அவசரத்தில் 0247 வந்துவிடும். அது மூன்று இலக்க எண்தான். பூஜ்யத்துக்கு இரண்டாவது நாற்காலி, அதனால் 2047. இதை அவள் அட்டையில் அடுக்கிப் பார்த்திருந்தால் 0 என்று தொடங்கும் ஆயிரம் அட்டையே இல்லை என்று அவளே சொல்வாள். ராத்திரி சீக்கிரம் தூங்கவைத்துவிடுங்கள்.

டியூஷன் பற்றிக் கேட்டீர்கள். இந்த ஒரு தப்புக்காக வேண்டாம். உங்கள் மடியில் உட்கார்ந்து குச்சி கட்டும் இருபது நிமிடத்தை எந்த டியூஷனிலும் விலைக்கு வாங்க முடியாது. நீங்கள் வேலைக்குப் போகிறவர் என்றால் தாத்தா பாட்டி யாராவது செய்தாலும் சரி. அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை, பத்து என்பது எந்த மொழியிலும் பத்துதான்.

திருத்திய பேப்பர் கைக்கு வந்ததும் மார்க்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு எந்தக் கேள்வியில் தப்பு என்று பாருங்கள். எழுத்தில் கொடுத்த எண்ணை இலக்கத்தில் எழுதுவதில் தப்பு என்றால் மறுபடி அட்டை. அடுத்த எண், முந்தைய எண்ணில் தப்பு என்றால் மறுபடி ரூபாய் நோட்டு. முகமதிப்பையும் இடமதிப்பையும் மாற்றி எழுதியிருந்தால் கவலையே வேண்டாம், அது வார்த்தைக் குழப்பம், இரண்டு நாளில் சரியாகிவிடும்.

குச்சிகளை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்து கடன் வாங்கிக் கழிக்கும் கணக்குகள் வரும், அங்கே இவைதான் துணை. 403இலிருந்து 128ஐக் கழிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பெரிய கட்டும் மூன்று உதிரிக் குச்சியும் வைத்துவிட்டு, எட்டுக் குச்சி கேளுங்கள். உதிரியில் மூன்றுதான் இருக்கிறது, அவிழ்க்கச் சின்னக் கட்டே இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு பெரிய கட்டை அவிழ்ப்பாள், பத்துச் சின்னக் கட்டு விழும். அதில் ஒன்றை அவிழ்ப்பாள், பத்துக் குச்சி உதிர்ந்து உதிரி பதின்மூன்று ஆகும். நோட்டில் பூஜ்யத்தை அடித்துவிட்டு அதன் மேல் 9 எழுதுகிறோமே, அந்த ஒன்பது கட்டும் அவள் கண்ணெதிரே தரையில் கிடக்கும்.